பித்தளை எழுத்து

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியும் அவள் காதுக்குப் போகும், போனால் என்னையும் அளவு எடுத்துவிடுவாள். நான் இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பெயின்ட் அடிக்கிறேன். அவள் திருத்தணியில்தான் இருக்கிறாள். இவ்வளவு தூரம் தள்ளி வந்தும் அவளிடம் எனக்குப் பயம் போகவில்லை. பிரியமும் உண்டு. எது அதிகம் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல முடியும்.

அரக்கோணம் ரோட்டில் என் பெயின்ட் ஷெட்டுக்கும் அவள் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு தகரச் சுவர். நான் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் பெயின்ட் அடித்தேன். அவள் சைக்கிள் செய்தாள், அதற்கும் நான்தான் பெயின்ட். பெட்டியில் வருவதைப் பூட்டிக் கொடுக்கிற வேலை இல்லை. எஃகுக் குழாய் வாங்கி, அறுத்து, அராவி, நெருப்பில் பித்தளையை ஓடவிட்டு இணைத்து, ஒரே ஒரு ஆளின் உடம்புக்கென்று ஃபிரேம் செய்வாள். டெய்லர் சட்டை தைக்கிற மாதிரிதான். கழுத்தில் டெய்லர் டேப்பும் தொங்கும்.

யாருக்குச் செய்தாள் என்றால், சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கும்பலாக சைக்கிள் மிதித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு. கனகம்மாசத்திரத்தில் இளநீர் குடித்துவிட்டு, திருத்தணி மலைப்பாதையில் மூச்சு வாங்க ஏறி, மேலே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, கீழே வந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகிற கூட்டம். கார் இருந்தும் சைக்கிள் மிதிக்கிறார்களே என்று ஊரில் பலருக்கு வேடிக்கை. எங்களுக்கு அவர்கள்தான் சோறு.

அவள் அளவு எடுப்பதைப் பார்க்க வேண்டும். வந்தவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் நிறுத்துவாள். காலின் உள்பக்கம், இடுப்பிலிருந்து தோள், தோளிலிருந்து விரல் மடிகிற இடம். ஒரு பெண் டேப்போடு குனிந்ததும் ஆண்கள் நெளிவார்கள். "டெய்லர் எடுத்தா நிக்கிறீங்க இல்ல, அதுமாதிரி நில்லுங்க" என்பாள். எதையும் எழுதி வைக்க மாட்டாள். ஒருமுறை எடுத்த அளவு அவளுக்கு மறப்பதில்லை. அவளை யார் என்ன சொன்னார்கள் என்பதும் அப்படித்தான்.

யாராவது குத்தலாகப் பேசினால் அவள் சண்டைக்குப் போக மாட்டாள். கழுத்து டேப்பின் இரண்டு முனையையும் சரிசமமாக இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆங், அளவு எடுத்துக்கினேன்" என்பாள். குரல் உயராது. சொன்னவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். விஷயம் தெரிந்த நான் மட்டும் சிரிக்க மாட்டேன்.

எதிரில் ஒரு டீக்கடை. அவள் பட்டறை போட்ட புதிதில் டீக்கடைக்காரர் நாலு பேர் கேட்கும்படி, பொம்பளை பற்ற வைத்தால் பூந்தொட்டி ஸ்டாண்டு கூட நிற்காது என்று சொல்லிவிட்டார். அவள் டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். ரொம்ப நாள் கழித்து அவர் கடை அடுப்பு ஸ்டாண்டு ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவளிடமே வந்தார். பழைய விஷயம் ஒன்றும் இல்லாதது போல, அருமையான ஸ்டாண்டு செய்து கொடுத்தாள். யானை ஏறி நின்றாலும் அசையாது. ஆனால் அவர் உயரத்துக்கு நாலு விரற்கடை கூடுதல். அன்றிலிருந்து அந்த மனிதர் பால் பாத்திரத்தை எட்டிப் பார்க்கக் குதிகாலைத் தூக்கித்தான் நிற்கிறார். குட்டையாக்கித் தரச் சொல்லிக் கேட்கவும் வாய் வரவில்லை. நான் அங்கே டீ குடிக்கும்போதெல்லாம் அவருடைய குதிகாலைத்தான் பார்ப்பேன், என் மனசு குளிரும்.

அவள் வேலையில் குறை வைத்துப் பழி வாங்கியதே இல்லை. அப்படிச் செய்திருந்தால் நான் அவளை மதித்திருக்க மாட்டேன். அவள் வாங்கிய பழியெல்லாம் முதல் தரமான வேலைக்குள்தான் உட்கார்ந்திருக்கும். கெட்டுப்போனது என்று எடுத்து எறியவும் முடியாது.

பட்டறை போடுவதற்கு முன்னால் அவள் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பேக்டரியில் பற்றவைப்பு வேலை பார்த்தவள். விடியற்காலை யூனிட் ரயிலில் லேடீஸ் பெட்டியில் தூங்கிக்கொண்டே போய், இருட்டின பிறகு வருவாளாம். அங்கே ஒரு சூப்பர்வைசர், இவள் வேலையைத் தன் தம்பி வேலை என்று காட்டி அவனுக்கு நிரந்தரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அவனை என்ன செய்தாய் என்று ஒருநாள் கேட்டேன். அராவிக்கொண்டிருந்தவள் நிமிராமல், "இன்னும் செய்யலண்ணா" என்றாள். நடந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எனக்கு முதுகில் ஈரத்துணி பட்டதுபோல் ஆனது.

எனக்கும் கோபம் வரும். பொசுக்கென்று வரும், நாலு வார்த்தை கெட்டதாகப் பேசுவேன், சோறு உள்ளே போனதும் போய்விடும். மறுநாள் அந்த ஆளையே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பேன். "உன் கோவம் பெயின்ட் மாதிரிண்ணா, வெயில் பட்டா காஞ்சிபூடுது" என்பாள் அவள்.

வேலை என்று வந்தால் அவளுக்கு யாரும் ஈடில்லை. ஒரு குழாய் இன்னொரு குழாயின் மேல் உட்காருகிற இடத்தை மீன்வாய் போல அராவ வேண்டும். அராவி, பொருத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பாள். ஊசி முனை அளவு வெளிச்சம் கசிந்தாலும் மறுபடி அரம் எடுப்பாள். பிறகு வெங்காரப் பசை பூசி, குழாய் செங்கல் நிறத்துக்கு வரும்வரை நெருப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, பித்தளைக் குச்சியை ஒரு தொடு தொடுவாள். பித்தளை தானாக ஓடி இடுக்கெல்லாம் நிறைத்துக்கொள்ளும். மற்றவர் செய்ததற்கு நான் கிலோ கணக்கில் பட்டி பூசித்தான் மேடு பள்ளத்தை மறைப்பேன். அவள் ஃபிரேமுக்குப் பட்டி டப்பாவைத் திறந்ததே கிடையாது. மணவூரிலிருந்து பூக்கூடையோடு வரும் ஒரு அம்மாவுக்குப் புடவையில் ஏறி இறங்கத் தோதாகத் தாழ்வாக ஒன்று செய்து கொடுத்தாள். அந்த அம்மா தினமும் போகிற போக்கில் பட்டறைக் கதவில் ஒரு முழம் மல்லி மாட்டிவிட்டுப் போவார். அதை இவள் தலையில் வைத்துக்கொண்டு நெருப்புக்கு முன்னால் உட்காருவாள், மதியத்துக்குள் கருகிவிடும்.

இனி அந்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சென்னையில் பெரிய சைக்கிள் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். அவள் செய்கிற ஃபிரேமை வாங்கிப் போய், தன் கடைப் பெயரை ஸ்டிக்கராக ஒட்டி, கையால் செய்தது என்று விற்றான். யார் கையால் என்று சொல்வதில்லை. அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள், வேலை வந்துகொண்டிருந்ததே. அவனுக்கே ஒன்று செய்தும் கொடுத்தாள். அவனுக்கு முதுகு நீளம், கால் குட்டை. "மேல எருமை, கீழ வாத்து" என்று என்னிடம் சொன்னாள். பெட்டியில் வருகிற எந்த சைக்கிளும் அந்த உடம்புக்கு ஆகாது. கை மரத்துப்போகும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். இவள் செய்ததில் ஏறிய பிறகுதான் அவன் மலையில் மற்றவர்களை முந்தினான்.

அப்புறம் அவனுக்கு ஆசை வந்தது. எங்கிருந்தோ மெஷினில் செய்த மட்டமான ஃபிரேம்களை மொத்தமாக இறக்கி, அதே ஸ்டிக்கரை ஒட்டி, அதையும் கையால் செய்தது என்று விற்றான். அதில் ஒன்று கடற்கரை ரோட்டில் ஒரு பையனோடு உடைந்தது. பையனுக்கு முன்பற்கள் போயின. கூட்டமெல்லாம் வாட்ஸ்அப்பில் அவனைப் பிடித்துக் கேட்டது. அவன் கொஞ்சமும் கூசாமல், அது திருத்தணியில் ஒரு பொம்பளை செய்தது, இனிமேல் அவளிடம் வாங்கமாட்டேன் என்று எழுதிவிட்டான். அதுவரை அவள் இருக்கிறாள் என்றே சொல்லாதவன், பழி போட ஆள் தேவைப்பட்டதும் ஊரைச் சொன்னான்.

உடைந்ததன் போட்டோவை யாரோ அவளுக்கு அனுப்பினார்கள். தகரச் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். உடைந்த இணைப்பில் பித்தளை என்று ஒரு பொட்டு இல்லை. எனக்கே பார்த்தவுடன் தெரிந்தது. அவனுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில் வைத்தாள்.

"விடும்மா. ஒரு மாசத்துல எல்லாம் மறந்துடுவாங்க. நீ எங்கயோ ஊர்ல இருக்க, உனக்கு என்ன ஆவப்போவுது" என்றான்.

"ஆங் சார். அளவு எடுத்துக்கினேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் சொன்னது பொய். யாரும் மறக்கவில்லை. ஃபிரேமுக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள் எல்லாம் வேண்டாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பாமல் போனது. ஒருவர் அவள் செய்த ஃபிரேமைக் கொண்டுவந்து, சண்டை கூடப் போடாமல், சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போனார். அதில் ஏறப் பயமாக இருக்கிறது என்றார். அன்று அவள் அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அவளிடம் வீடு, நகை என்று ஒன்றும் கிடையாது. கைக்கு ஒரு பெயர் இருந்தது, அதுவும் போய்விட்டது. ஜன்னல் கம்பியும் இரும்பு கேட்டும் பற்ற வைக்க ஆரம்பித்தாள். அந்த வேலையை அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

போலீசில் சொல்லலாம், நாமும் போனில் எழுதலாம் என்று நான் குதித்தேன். அவள் அசையவில்லை. "நான் சொன்னா யாரு நம்புவாங்கண்ணா? அவன் வாயாலயும் வராது. அவனே தூக்கிகினு சுத்தணும்" என்றாள். என்னத்தைத் தூக்கிக்கொண்டு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் ஒருநாள் இரண்டு பேரும் மலைக்குப் போயிருந்தோம். மண்டபத்தில் ஒரு ட்யூப்லைட். அதன் மேல் 'உபயம்' என்று போட்டுக் கொடுத்தவரின் பெயர், அப்பா பெயர், கடைப் பெயர், தெருப் பெயர். வெளிச்சம் வருவதற்கு இடமே இல்லை. நான் கிண்டலடித்தேன். அவள் சிரிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வெளிச்சம் வரலன்னாலும் பேரு தெரியுது பாருண்ணா" என்றாள்.

அந்த வருஷமே அவனுக்கு அவள் செய்து கொடுத்த சைக்கிள் போனது. போன விதம் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். காரின் தலையில் சைக்கிளை நிற்கவைத்துக் கட்டிக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறான். மேலே ஒன்று இருப்பதை மறந்து, தாழ்ந்த கூரை போட்ட கார் பார்க்கிங்குக்குள் நேராக நுழைத்துவிட்டான். உத்தரம் குறுக்கே இருந்தது. ஃபிரேம் மடங்கிய அப்பளமாகிவிட்டது. இந்தச் செய்தி வந்த அன்று நான் ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் என் செலவில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒரு பஜ்ஜியை எடுத்து மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு, "வருவான்" என்றாள்.

வந்தான். வேறு இரண்டு ஊரில் செய்யச் சொல்லிப் பார்த்து, இரண்டும் உடம்புக்கு ஒத்துவராமல், மலையில் சின்னப் பையன்களெல்லாம் முந்திக்கொண்டு போவதைப் பொறுக்க முடியாமல், ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றான். முன்பு 'ம்மா' என்றவன் இப்போது 'மேடம்' என்றான். அவள் சுவரோரம் நிற்கச் சொல்லி அளவு எடுத்தாள். தொப்பை மட்டும்தான் ஏறியிருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது என்றாள். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

உடைந்தது அவள் செய்ததில்லை என்று அவன் கூட்டத்தில் சொல்ல வேண்டும், சொன்னால் செய்து தருவாள், இதுதான் அவள் போட்ட நிபந்தனை. அவன் முகம் சுருங்கிவிட்டது. அதைச் சொன்னால் கடையே மூழ்கிப்போகும், நாற்பது குடும்பம் அதில் பிழைக்கிறது என்று ஆரம்பித்தான். அவள் பேசவிட்டாள். முடித்ததும், "அப்ப நீங்க சொல்லவாணாம் சார். சைக்கிள் சொல்லட்டும். பார்ல பித்தளையில எழுதி வெக்கிறேன். சின்ன எழுத்துதான்" என்றாள்.

பார் என்றால் சைக்கிளின் மேல்குழாய், சின்னப் பிள்ளைகளை உட்காரவைப்போமே, அது. அவன் யோசித்தான். சின்ன எழுத்துதானே என்று இன்னொரு தடவை கேட்டான். அவன் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. அதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். சரி என்றான்.

அந்த ஃபிரேமைப் போல அவள் வேறு ஒன்றைச் செய்து நான் பார்த்ததில்லை. அவனுக்குப் போய் இவ்வளவு பாடுபடுகிறாளே என்று எனக்கு எரிச்சலாகக் கூட இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு கடைத்தெருவில் ஒரு நகைப் பத்தரிடம் ரம்பம் இரவல் வாங்கி வந்து, பித்தளைத் தகட்டில் ஒவ்வொரு எழுத்தாக அறுத்தாள். வெள்ளி கலந்த பற்றுக்குச்சியால், சூடு அதிகம் ஏறாமல், பாருக்கு நடுவில் வரிசையாக உட்காரவைத்தாள். 'உடைஞ்சது நான் செஞ்சது இல்ல. திருத்தணி பொம்பள.'

முன்பக்கம் தள்ளி வைக்கக் கூடாதா என்று கேட்டேன். பெயின்ட் அடிக்க எனக்கு அது சுலபம், அதனால்தான் கேட்டேன். "நடுவுல வெச்சாதான் குனிஞ்சி மிதிக்கும்போது கண்ல படும்" என்றாள். அது சரியாகத்தான் பட்டது.

ஃபிரேமுக்கு அடர்ந்த பச்சை அடித்தேன். எழுத்துகளின் மேல் மட்டும் பெயின்ட் படாமல் ஒவ்வொன்றாக டேப் வெட்டி ஒட்டி மறைத்து, கடைசியில் உரித்து, மேலே வார்னிஷ் அடித்தேன். பச்சையில் மஞ்சளாக எழுத்து மின்னியது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் டேப் உரித்ததில்லை.

வாங்கிப் போக வந்தான். ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவன் முகம் பூரித்திருந்தது. இடுப்பு வலி போயே போய்விட்டது என்றான். நன்றி கூடச் சொன்னான். பிறகு குனிந்து எழுத்தைப் பார்த்தான். கட்டைவிரலால் அதன் ஓரத்தை நிமிண்டிப் பார்த்தான். எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்று பார்க்கிறான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

"சார், ஒண்ணு கேட்டுக்குங்க. குழாய் ரெண்டு முனையிலதான் கெட்டி. நடுவுல பவுடர் டப்பா தகடு மாதிரி மெல்லிசா இருக்கும், வெயிட் கொறயறதுக்கு அப்படித்தான் வருது. அந்த எடத்துல மட்டும் அரம் வெச்சிடாதீங்க" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே சரி சரி என்றான். "அண்ணா, நீயும் கேட்டுக்கினே இல்ல" என்று என் பக்கம் திரும்பினாள். தலையாட்டினேன்.

முதலில் பாரின் மேல் ஒரு ஸ்பாஞ்சு உறை போட்டுக்கொண்டு ஓட்டினான். அதைப் பார்த்துக் கூட்டத்தில் யாரோ கிண்டலடித்திருக்கிறார்கள். அடுத்த முறை உறை இல்லை. எழுத்து இருந்த இடத்தில் பெரிதாக அவன் கடை ஸ்டிக்கர் இருந்தது. டீக்கடை முன்னால் நிறுத்தியிருந்தபோது நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். வந்து அவளிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள், அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மலையிலிருந்து இறங்குகிற வழியில், கடைசித் திருப்பம் தாண்டி இருக்கும் ஸ்பீட் பிரேக்கரில் சக்கரம் ஏறி இறங்கியதும் பார் நடுவில் மடிந்து பிளந்துவிட்டது. அவன் தலைகுப்புற விழுந்து தோள்பட்டைக் காறை எலும்பை உடைத்துக்கொண்டான். அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கூட்டம் மொத்தமும் உடைந்த சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கோபமாக எங்கள் பட்டறைக்கு வந்தது. அதில் ஒரு பெண், "இதுவும் நீங்க செஞ்சதுதானே? இன்னும் எத்தன பேரோட பல்ல உடைக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

இவள் சைக்கிளைக் கல்லின் மேல் சாய்த்து, அவன் ஸ்டிக்கரை ஒரு ஓரத்திலிருந்து நிதானமாக உரித்தாள். கீழே அரத்தின் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன. குழாயை அராவி அராவிக் காகிதமாக்கியிருந்தான். பிளவு சரியாக அங்கேதான் இருந்தது. கடைசி எழுத்துகளுக்கு வரும்போது கை வலித்ததோ என்னவோ, 'பொம்பள' என்ற வார்த்தையை மட்டும் பாதிக்கு மேல் அராவாமல் விட்டிருந்தான். அது அப்படியே மஞ்சளாக மின்னியது. அந்தப் பெண் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இங்கே என்ன எழுதியிருந்தது என்று கேட்டாள். அதன் பிறகு நான் வாயைத் திறந்தேன். போனில் கேட்டது, பார்க்கிங் கூரை, ஸ்வீட் பாக்ஸ், அரம் வைக்காதே என்று அவள் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அடுத்த வாரம் பல் போன பையனே தன் வீட்டில் கிடந்த உடைந்த ஃபிரேமை எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதில் பித்தளை இல்லை. இதில் ஒரு இணைப்பு கூட அசையவில்லை.

அவள் பெயர் திரும்பி வந்தது. முன்பு சுவரில் சாய்த்துவிட்டுப் போனவரும் வந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் சைக்கிளை எடுத்துப் போனார்.

சைக்கிள் உடைந்த அன்று, எல்லாரும் போன பிறகு நான் அவள் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், முடியவில்லை. அவன் அராவுவான் என்று தெரிந்தேதான் நடுவில் வைத்தாயா என்று கேட்டேன்.

"வாணாம்னு சொன்னேனே. நீயும் கேட்டுகினுதானே இருந்த."

"செத்துப் போயிருந்தா?"

அவள் அரத்தைக் கீழே வைத்தாள். "ஹெல்மெட் இல்லாம அவன் ஏறவே மாட்டான். மெல்லிசான குழாய் ஏறும்போது தாங்கும், குலுங்கினாத்தான் போவும். குலுங்கற எடம் அந்த ஸ்பீட் பிரேக்கருதான், அங்க வேகம் இருக்காது" என்றாள். பிறகு மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டாள். அவள் இதையெல்லாம் விழுந்த பிறகு யோசித்தாளா, முன்னாடியே யோசித்து வைத்திருந்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவள் கொடுக்கிற டீயைக் கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தேன்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போக வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பழக்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினாள். தலையில் அந்தப் பூக்கார அம்மா கொடுத்த மல்லி, அன்றைக்குக் கருகாமல் இருந்தது. கழுத்தில் டேப்.

ஒரு தோளைக் கட்டுப்போட்டுப் படுத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் கட்டில் பக்கத்தில் நின்று அந்தத் தோளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டவில்லை. நியாயம் பேசவில்லை. எல்லாரிடமும் பேசுகிற குரலிலேயே சொன்னாள்.

"எலும்பு சேரும்போது தோளு கொஞ்சம் குறுகும் சார். பழைய அளவு ஆவாது. நல்லா சேந்தப்பறம் வாங்க, புதுசா எடுத்துக்கலாம். அதவிட நல்லா செஞ்சி தரேன்."

நான் கிளம்பலாம் என்று ஜாடை காட்டினேன். அவள் வாழைப்பழத்தை அவனுடைய நல்ல கைக்கு எட்டுகிற மாதிரி, ஒருமுறை தள்ளியும் ஒருமுறை இழுத்தும் பார்த்து, சரியான இடத்தில் வைத்தாள். நாங்கள் கதவு வரை வந்துவிட்டோம். அப்போதுதான் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது, சுவரைப் பார்த்தபடியே.

"எழுத்து வெப்பீங்களா?"

அவள் திரும்பினாள். டேப்பின் இரண்டு முனையையும் சரிசமமாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எழுத்துக்கு அளவு மாறாது சார்" என்றாள்.